விசித்திரப் போர் வண்டிகளைப் புரிந்துகொள்வது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு செயின் பூட்டிய டாங்கி, இறக்கை முளைத்த டாங்கி, ராக்கெட் கட்டி உருட்டிவிட்ட சக்கரம். இப்படி ஒரு படம் கைபேசிக்கு வந்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவிடுவோம். எந்தக் கிறுக்கன் இதைக் கட்டினான் என்று ஒரு வரியும் சேர்ப்போம்.

கட்டியவர்கள் கிறுக்கர்கள் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ரஷ்யாவின் ராட்சதச் சக்கர வண்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் விமானவியல் முன்னோடி நிகோலாய் ஷுகோவ்ஸ்கியும் ஒருவர். பிரிட்டனின் ராக்கெட் சக்கரத்தில் வேலை பார்த்தவர் நெவில் ஷூட் நார்வே, கைதேர்ந்த விமானப் பொறியாளர். இப்படிப்பட்டவர்கள் ஏன் இப்படிப்பட்ட வண்டிகளைக் கட்டினார்கள், அவை எங்கே மாட்டிக்கொண்டன என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு நோட்டு, கால்குலேட்டர், கிராஃப் தாள், ஒரு செங்கல் போதும். பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

1. முதலில், வண்டி உண்மையில் இருந்ததா?

நோட்டில் வண்டியின் பெயரை எழுதியதும் பக்கத்தில் நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: காகிதம், மாதிரி, சோதனை வண்டி, படைக்குப் போனது. இதைச் செய்யாமல் மேலே போனால் மற்ற வேலையெல்லாம் வீண்.

ஜெர்மனியின் 'ராட்டே' என்ற 1000 டன் டாங்கியைப் பற்றி நிறையப் படங்கள் சுற்றுகின்றன. 1942-ல் வந்த ஒரு யோசனை அது. 1943-ல் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி அமைச்சர் ஆல்பெர்ட் ஷ்பேர் அதை ரத்து செய்துவிட்டார். கட்டப்படவே இல்லை, பார்க்கும் படமெல்லாம் யாரோ கணினியில் வரைந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1950-களில் முன்வைத்த டிவி-8, முட்டை வடிவக் கூண்டுக்குள் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதி) எல்லாவற்றையும் அடைத்த டாங்கி. அது முழு அளவு மாதிரி வரை வந்து நின்றுபோனது. ஜெர்மனியின் 188 டன் 'மவுஸ்' அப்படியல்ல, இரண்டு கட்டப்பட்டன. ஒன்றின் உடலும் மற்றொன்றின் கூண்டும் சேர்ந்து இன்றைக்கும் மாஸ்கோவுக்கு அருகே குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

காகித வண்டிகளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் வேகம், எடை எல்லாம் கட்டியவரின் ஆசை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஓடிய வண்டியிடம்தான் நாம் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு.

2. அது எந்தக் கேள்விக்குப் பதில்?

அடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "இந்த வண்டி எதற்காக?" என்று கேட்டால் "போருக்காக" என்று எழுதக் கூடாது. எந்த ஊர், எந்தத் தரை, எந்தத் தடை என்று எழுத வேண்டும்.

சோவியத் ஒன்றியத்தின் ஆப்ஜெக்ட் 279-ஐ எடுத்துக்கொள்வோம். 1950-களின் கடைசியில் லெனின்கிராடின் கீரோவ் ஆலையில் உருவானது. தட்டைக் கவிழ்த்துப் போட்டது போல் ஓரம் மெலிந்த உடல், அடியில் நான்கு செயின். படத்தைப் பார்த்தால் பறக்கும் தட்டு என்றே தோன்றும். கேள்வியைக் கண்டுபிடித்தால் புதிர் அவிழ்கிறது: அணுகுண்டு விழும் போர்க்களத்தில், வெடிப்பலை அடித்தாலும் கவிழாமல், சேற்றிலும் பனியிலும் புதையாமல் போக ஒரு கனரக டாங்கி வேண்டும். காற்று வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்த ஓரம். 60 டன்னைப் பரப்பி வைக்கத்தான் நான்கு செயின். கேள்விதான் விசித்திரம். அந்தக் கேள்விக்கு அதுதான் நேரான பதில்.

நான் பார்த்தவரை, ஒரு வண்டி கோமாளித்தனமாகத் தெரிந்தால், பத்தில் எட்டு முறை அதன் கேள்வி நமக்குத் தெரிந்திருக்காது.

3. தரையிடம் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். விசித்திர வண்டிகளில் பாதி இங்கேதான் செத்திருக்கின்றன.

முதலில் செங்கல். தோட்டத்தில் கொஞ்சம் மண்ணை நன்றாக ஈரமாக்கிச் சேறாக்குங்கள். செங்கல்லைப் படுக்க வைத்து எடுங்கள். அப்புறம் அதே செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி எடுங்கள். எடை அதேதான், ஆனால் நிறுத்தியபோது பள்ளம் ஆழம். எடையைத் தரையைத் தொடும் பரப்பால் வகுத்தால் வருவது தரை அழுத்தம். வண்டி புதைவதும் மிதப்பதும் முக்கியமாக அந்த எண்ணைப் பொறுத்தது.

இனி உங்கள் காலையே அளந்து பாருங்கள். ஈரக் காலோடு கிராஃப் தாளில் நின்று, கறையைச் சுற்றி வரைந்து, கட்டங்களை எண்ணுங்கள். ஒரு பாதம் 150 சதுர சென்டிமீட்டர் வந்தது, உங்கள் எடை 60 கிலோ என்று வைப்போம். ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. கார் டயருக்கு அளக்கவே வேண்டாம். உள்ளே எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அதுதான் தரைக்கும் போகும். 30 பவுண்டு காற்று அடித்திருந்தால் சுமார் 2 கிலோ. அதனால்தான் நீங்கள் நடந்து போகும் வயலில் கார் மாட்டிக்கொள்கிறது, சேற்றுழவுக்கு வரும் டிராக்டர் இரும்புக் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு வருகிறது.

60 டன் ஆப்ஜெக்ட் 279-க்கு இந்த எண் சுமார் 0.6. சாதாரணக் காரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய 'வீசல்' என்ற பனி வண்டி இன்னும் மேலே போனது. சிப்பாயின் கால் அழுத்துவதை விடக் குறைவாகத்தான் அது தரையை அழுத்தியது.

சரி, இப்போது ஜார் டாங்கிக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன ரஷ்யாவின் ராட்சதச் சக்கர வண்டி இதுதான். லெபெதென்கோ என்ற பொறியாளரின் யோசனை. முன்னால் சைக்கிள் சக்கரம் போல் கம்பிகள் வைத்த இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் விட்டம். மூன்று மாடி வீட்டு உயரம். பின்னால் ஒரு சின்ன உருளை, ஒன்றரை மீட்டர்தான். பள்ளம், அகழி எல்லாவற்றையும் பெரிய சக்கரம் தாண்டிவிடும் என்பது எண்ணம். மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

உந்துவதற்குச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரோடு உரசிக்கொண்டு சுற்றும் அந்தக் குட்டி உருளை? அதையே தலைகீழாக்குங்கள். இங்கே குட்டி உருளையை எஞ்சின் சுழற்றுகிறது. அது பெரிய சக்கரத்தின் வளையத்தோடு அழுந்தி உரசி, சக்கரத்தைச் சுழற்றுகிறது. பல்சக்கரமே கிடையாது. சக்கரம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உருளை வழுக்கிவிடும், எதுவும் உடையாது. ஜெர்மானிய மைபாக் எஞ்சின் இரண்டு, தலா 240 குதிரைத்திறன்.

ஜார் இரண்டாம் நிகோலாஸிடம் ஒரு சாவி பொம்மையைக் காட்டித்தான் பணம் வாங்கினார்கள் என்பார்கள். கம்பளத்தில் அடுக்கி வைத்த தடித்த புத்தகங்கள்மேல் பொம்மை சாவதானமாக ஏறி இறங்கியதாம், ஜாரும் தரையில் உட்கார்ந்து அதோடு விளையாடினாராம். 1915-ல் மாஸ்கோவுக்கு வடக்கே டிமித்ரோவ் அருகே காட்டில் அசல் வண்டியை ஓட்டினார்கள். முன்சக்கரங்கள் சொன்னபடி நகர்ந்தன. பின்னாலிருந்த சின்ன உருளை இளகிய மண்ணில் புதைந்தது. அந்த இரண்டு எஞ்சினும் முக்கிப் பார்த்தும் அதை வெளியே இழுக்க முடியவில்லை. வண்டி அங்கேயே நின்று துருப்பிடித்தது. 1923-ல் அறுத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

பொம்மை ஏறியதே, வண்டி ஏன் புதைந்தது? நோட்டில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பொம்மையின் சக்கரம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அசல் அதைப்போல் 30 மடங்கு. நீளம் 30 மடங்கானால் தரையைத் தொடும் பரப்பு 30 × 30, அதாவது 900 மடங்கு. எடையோ 30 × 30 × 30, 27,000 மடங்கு. வகுத்தால் தரை அழுத்தம் 30 மடங்கு. பொம்மை கம்பளத்தில் அழுத்தியதை விட 30 மடங்கு, அதுவும் ஈர மண்ணில். பின் உருளை மேல் எவ்வளவு எடை விழுகிறது என்பதும் சேர்ந்துகொண்டது. எந்த விசித்திர வண்டியின் சின்ன மாதிரி அழகாக ஓடுவதைப் பார்த்தாலும் இந்த மூன்று வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பாலமும் தரைதான். 188 டன் மவுஸ் எந்தப் பாலத்திலும் ஏற முடியாது. அதனால் ஆற்றின் அடியிலேயே ஓட்டிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். அந்த வண்டியில் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும், மின் மோட்டார்கள் செயினை இழுக்கும். ஆகவே இரண்டு மவுஸ் சேர்ந்து போக வேண்டும்: ஒன்று கரையில் நின்று எஞ்சினை ஓட்டும், அதன் மின்சாரம் கேபிள் வழியாக ஆற்றுக்குள் இறங்கிய மற்றதற்குப் போகும். அது அக்கரை போனதும் இது இறங்கும். ஒரு வண்டி ஆறு தாண்ட இன்னொரு வண்டி வேண்டும் என்று வரும்போதே உங்கள் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு விழ வேண்டும்.

4. எஞ்சின்

இது சுலபம். குதிரைத்திறனை டன்னால் வகுத்துவிடுங்கள். மவுஸ்: சுமார் 1200-ஐ 188-ஆல் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் கீழே. ஜார் டாங்கியை 60 டன் என்று கொண்டால் எட்டு. ஆப்ஜெக்ட் 279: 1000 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 17. ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால், 8 குதிரைத்திறன் கொண்ட நூறு சிசி பைக்கும் ஓட்டுநரும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்தால் டன்னுக்கு 44 வரும். பத்துக்குக் கீழே வந்தால் மேட்டில் ஏறும்போது வண்டி திணறும் என்று எழுதிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. அது எப்படித் திரும்பும்?

நேராக ஓடுவதை எல்லோரும் யோசித்துவிடுவார்கள். திரும்புவதை மறப்பார்கள். படத்தைப் பார்த்து, விரலால் காற்றில் அந்த வண்டியைத் திருப்பிப் பாருங்கள். எது எதோடு இழுபடுகிறது என்று தெரியும். ஆப்ஜெக்ட் 279-இன் நான்கு செயினும் பக்கவாட்டில் மண்ணை வாரிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு செயினில் ஒன்று அறுந்தால் பழுதுபார்க்க ஆள் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும். நம் ஊரில் செயின் வண்டி ஓட்டும் எந்த ஆபரேட்டரிடம் இதைச் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார்.

திரும்புவதை மறந்ததற்குச் சரியான உதாரணம் 'கிரேட் பஞ்ஜாண்ட்ரம்', தொடக்கத்தில் சொன்ன பிரிட்டனின் ராக்கெட் சக்கரம். பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மனி எழுப்பிய கான்கிரீட் சுவரை உடைக்க பிரிட்டன் யோசித்தது. கணக்குப்படி ஒரு டன்னுக்கும் அதிகமான வெடிமருந்து சுவரடியில் வெடிக்க வேண்டும். குண்டு பாயும் கடற்கரையில் அதை யார் தூக்கிப் போவது? யாரும் வேண்டாம், தானே போகட்டும் என்று முடிவானது. 3 மீட்டர் உயர மரச் சக்கரம் இரண்டு, நடுவில் வெடிமருந்து உருளை, சக்கர விளிம்பு முழுக்க ராக்கெட்டுகள். பற்றவைத்தால் தீபாவளிச் சங்குச்சக்கரம் மாதிரிச் சுழன்று, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுவரை நோக்கி ஓடும். சங்குச்சக்கரம் தரையில் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

1943 செப்டம்பர் 7-ஆம் தேதி, டெவன் மாவட்டத்தில் வெஸ்ட்வர்ட் ஹோ என்ற கடற்கரையில் முதல் சோதனை. வெடிமருந்துக்குப் பதில் மணல் நிரப்பினார்கள். ஓட ஆரம்பித்தது, ஒரு பக்கத்தில் சில ராக்கெட்டுகள் செயலிழந்தன, அந்தப் பக்கத்து உந்துவிசை குறைந்ததும் வண்டி ஒருபுறமாக இழுத்துக்கொண்டது. ராக்கெட்டுகளைக் கூட்டினார்கள். மூன்றாவது சக்கரம் சேர்த்தார்கள். இரும்புக் கம்பி கட்டி இழுத்துத் திருப்பப் பார்த்தார்கள்; கம்பி அறுந்தது. 1944 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் கடைசிச் சோதனை. நன்றாகத்தான் கிளம்பியது. அப்புறம் ராக்கெட்டுகள் கழன்று மணலில் சீறிப் பாய, வண்டி படம் பிடித்துக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பியது. அவர் ஓட, அதிகாரிகளும் ஓட, திட்டம் அன்றோடு முடிந்தது.

இதற்கு நேரெதிராக, திரும்புவதையே மூலதனமாக்கிய வண்டி ஸ்வீடனின் ஸ்ட்ரிட்ஸ்வாக்ன் 103. அதற்குச் சுழலும் கூண்டே கிடையாது. பீரங்கி உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டது. இடம் வலம் குறிபார்க்க முழு வண்டியும் செயினில் திரும்பும். மேலே கீழே குறிபார்க்க வண்டி மூக்கைத் தூக்கும், தாழ்த்தும். யானை மண்டியிடுவது மாதிரி இருக்கும். அதற்காகவே எண்ணெயும் வாயுவும் நிரப்பிய தாங்கு அமைப்பு. கூண்டு இல்லாததால் உயரம் குறைவு, எதிரிக்கு இலக்கும் சின்னது. பீரங்கி அசையாததால் குண்டுகளைத் தானாக ஏற்றும் எந்திரத்தைப் பொருத்துவது எளிதானது. மூன்றே பேர் போதும். மூன்றாமவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஆபத்து வந்தால் வண்டியைப் பின்னோக்கியே முழு வேகத்தில் ஓட்டுவார். ஓடிக்கொண்டே குறிபார்த்துச் சுட முடியாது என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை. பதுங்கியிருந்து தாக்கும் ஸ்வீடனுக்கு அந்த விலை கட்டுப்படியானது. 300-க்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டி, 1990-கள் வரை வைத்திருந்தார்கள். விசித்திரம் என்றாலே தோல்வி என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் நான் இந்த வண்டியை நினைத்துக்கொள்வேன்.

6. உள்ளே இருப்பவர் யார், சுமப்பவர் யார்?

வண்டிக்குள் ஒரு ஆளை வரைந்து பாருங்கள். நியூசிலாந்தில் 1940-41-ல் பொதுப்பணி அமைச்சர் பாப் செம்பிளின் பெயரில் டிராக்டர்மேல் தகரக் கொட்டகை மாதிரி ஒரு டாங்கி கட்டினார்கள். ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். அதில் ஒருவர் எஞ்சின்மேல் மெத்தை விரித்துப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். மெத்தை என்றதும் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள், அடியில் கொதிப்பது டீசல் எஞ்சின். அமெரிக்காவில் 1960-களில் ரால்ஃப் மோஷர் உருவாக்கிய நான்கு கால் நடக்கும் எந்திரத்தில் ஓட்டுநரின் கைகள் முன்கால்களையும், அவர் கால்கள் பின்கால்களையும் ஆட்டும். தடைகள்மேல் ஏறியது, பாரம் தள்ளியது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நான்கு காலையும் மனிதர் நினைத்து நினைத்து வைக்க வேண்டும். சற்று நேரத்திலேயே ஓட்டுநர் களைத்துப்போனார்.

வெளியேயும் பாருங்கள். சோவியத்தின் ஆன்டோனோவ் ஏ-40 என்பது டி-60 டாங்கிக்கு மர இறக்கை மாட்டிய கிளைடர். 1942 செப்டம்பர் 2-ஆம் தேதி விமானி செர்கேய் அனோகின் டாங்கிக்குள் உட்கார்ந்தார். எடையைக் குறைக்க ஆயுதத்தையும் முகப்பு விளக்கையும்கூடக் கழற்றியிருந்தார்கள். நான்கு எஞ்சின் கொண்ட டிபி-3 விமானம் கட்டி இழுத்தது. டாங்கி பறந்தது! ஆனால் இழுத்த விமானத்தால் தாங்க முடியாமல் பாதியிலேயே கயிற்றை விட வேண்டியதாயிற்று. அனோகின் பதறாமல் ஒரு வயலில் இறக்கி, இறக்கையைக் கழற்றிவிட்டு, டாங்கியைத் தளத்துக்கு ஓட்டி வந்தார். வண்டிமேல் குறை சொல்ல முடியாது. அதை இழுக்கும் அளவுக்குத் திறனுள்ள விமானம்தான் இல்லை.

7. சோதனை எங்கே நடந்தது?

நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் உருவாக்கிய மிதக்கும் ஷெர்மன் டாங்கியைச் சுற்றிக் கேன்வாஸ் துணியை உயர்த்திக் கட்டினால் அது கடலில் மிதந்து வரும். அமைதியான நீரில் அது நம்பகமானது. நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் தரையிறங்கிய 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கரையில், ஒரு பட்டாலியனின் 29 டாங்கிகளைக் கரையிலிருந்து வெகுதூரத்திலேயே கொந்தளிக்கும் கடலில் இறக்கினார்கள். 27 மூழ்கின. அதே நாளில் யூட்டா கரையில் அலை குறைவு, தூரமும் குறைவு. இறக்கியவற்றில் பெரும்பாலானவை கரை சேர்ந்தன. ஆகவே "சோதனையில் வென்றது" என்று படித்தால் எந்தத் தண்ணீரில், எந்த மண்ணில் என்று கேளுங்கள்.

8. ஏன் கைவிட்டார்கள்?

பல வண்டிகள் பழுதால் சாகவில்லை. சர்ச்சிலின் யோசனையில் பிறந்த 'நெல்லி', 130 டன் எடையுள்ள அகழி வெட்டும் எந்திரம், வெட்டும் வேலையை ஒழுங்காகவே செய்தது. முதல் உலகப் போர் மாதிரி அகழிச் சண்டை மீண்டும் நடக்கும் என்று நம்பிக் கட்டியது. நடந்ததோ வேறு போர். அமெரிக்காவின் லெட்டூர்னோ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய தரை ரயிலுக்கு 54 சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மின் மோட்டார், மொத்த நீளம் 170 மீட்டருக்கு மேல். தண்டவாளமே இல்லாமல் 150 டன் சரக்கைப் பாலைவனத்தில் இழுத்தது. அதற்குள் பாரம் தூக்கும் ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. ஓட்டுநர் பெட்டி மட்டும் அரிசோனாவின் யூமாவில் மிச்சமிருக்கிறது. ஆப்ஜெக்ட் 279-க்கும் இதே கதை. 1960-ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் 37 டன்னுக்கு மேல் புதிய டாங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பழகிப் பார்க்க ஒரு வண்டி

ஜில்-2906. சோவியத் வண்டி, 1970-களில் உருவானது. சக்கரமும் இல்லை, செயினும் இல்லை. இரண்டு பக்கமும் உள்ளீடற்ற அலுமினிய உருளைகள். அவற்றின்மேல் திருகாணியின் மரை மாதிரி ஓடும் தகடு. கறி அரைக்கும் எந்திரத்தின் திருகைப் படுக்கப் போட்டது போல் இருக்கும்.

எட்டுப் படியையும் நீங்களே போட்டுப் பாருங்கள். கேள்விக்கு மட்டும் துப்பு தருகிறேன்: 1965 மார்ச்சில் வோஸ்கோத் 2 விண்கலம் குறி தவறி உறைபனிக் காட்டில் இறங்கியது. அதிலிருந்த விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெலியாயெவும் அங்கே இரண்டு இரவு கழித்து, பனிச்சறுக்குப் பலகையில்தான் வெளியே வந்தார்கள். சக்கர வண்டி எதுவும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. தரை என்ற தலைப்பில் ஆழ்பனி, சதுப்பு, தண்ணீர் மூன்றையும் எழுதுங்கள். உருளை ஏன் உள்ளீடற்றது என்று அங்கே விடை வரும். தார்ச் சாலையில் அந்தத் தகடு என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். ஜில்-2906-ஐ இன்னொரு பெரிய வண்டியின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். திரும்புவதற்கு வரும்போது இரண்டு பென்சிலை மேசைமேல் வைத்து உருட்டிப் பாருங்கள். ஒன்றை இடம், ஒன்றை வலம் சுழற்றினால் மரை வண்டியை முன்னே தள்ளும். இரண்டையும் ஒரே பக்கம் சுழற்றினால், இறுகிய தரையில் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும்.